தங்கச் சுரங்கத்தில் காப்பாற்றப்பட்ட எழுத்து: நம் இலக்கியம் எப்போது தொடங்கியது?

போன மாதம் ஓசூரில் நடந்த வாசிப்பு வட்டத்தில் டோனி மாரிசன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு தம்பி ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பேருந்தில் இறங்கி நேராக வந்திருந்தார். கடைசியில் அவர் கேட்டார்: "அண்ணா, அவங்களுக்கு இருநூறு வருசத்துக்கு மேல எழுத்து இருக்கு. நமக்கு எல்லாமே தொண்ணூறுக்கு அப்புறம்தானே?"

அறையில் இருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். கல்லூரியில் தமிழ் படிக்கும் ஒரு தங்கையும் ஆமாம் என்றார். அவருடைய பாடநூல் அப்படித்தான் சொல்கிறதாம்: அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது, தலித் இலக்கியம் பிறந்தது.

அன்றைக்கு நேரமில்லாமல் சுருக்கமாக ஒரு பதில் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கான முழுப் பதில் இது. பதிலின் முக்கியமான பகுதி நடந்த இடம் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. ஓசூரிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். கோலார் தங்கவயல்.

வரிசையை யார் போடுகிறார்கள்?

ஒரு சமூகம் எந்தெந்த நூல்களை 'நம் இலக்கியம்' என்று பாடத்தில் வைக்கிறது, எவற்றை மறுபதிப்புச் செய்கிறது, எவற்றுக்கு விருது கொடுக்கிறது என்பதையெல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் 'கேனான்' என்பார்கள். நாம் 'இலக்கிய வரிசை' என்று வைத்துக்கொள்வோம். அந்த வரிசை தானாக அமைந்ததில்லை. அதற்குள் கறுப்பின மக்கள் எப்படி நுழைந்தார்கள் என்பதைப் பார்த்தால் நம் கதை எளிதில் விளங்கும்.

1773-ல் ஃபிலிஸ் வீட்லி என்ற அடிமைப் பெண்ணின் கவிதை நூல் லண்டனில் வெளிவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கடத்திவரப்பட்டு பாஸ்டனில் விற்கப்பட்டவர் அவர். கவிதைகளை இவரே எழுதினார் என்று பாஸ்டன் நகரின் 18 பெரிய மனிதர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சான்று நூலின் முன்பக்கத்தில் அச்சானது. அப்படியும், பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், அவருடைய கவிதைகள் விமர்சிக்கவும் தகுதியற்றவை என்று எழுதினார்.

1861-ல் ஹாரியட் ஜேக்கப்ஸ் தன் அடிமை வாழ்க்கையைப் புனைபெயரில் நூலாக எழுதினார். அதைப் பதிப்பித்துக் கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணியே எழுதிய கதை என்றுதான் ஆய்வாளர்கள் வெகு காலம் சொல்லிவந்தார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் ஜேக்கப்ஸின் கடிதங்களைத் தேடி எடுத்து, 1987-ல் வந்த பதிப்பில் எழுதியவர் அவரே என நிலைநாட்டினார். ஓர் எழுத்தாளர் தன் சொந்த வாழ்க்கையைத் தானே எழுதினார் என்று நிரூபிக்க 126 ஆண்டுகள் ஆயின.

ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937-ல் ஒரு பெரும் நாவல் எழுதியவர். 1960-ல் வறுமையில் இறந்தார். கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 1973-ல் ஆலிஸ் வாக்கர் ஃப்ளோரிடாவுக்குப் போய், புதர் மண்டிய இடுகாட்டில் அந்த இடத்தைத் தேடிக் கல் நட்டார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஹர்ஸ்டனின் நூல்கள் மறுபடி அச்சுக்கு வந்தன.

இந்த மூன்று பேர் எழுதும்போதும் எழுத்தில் குறை இல்லை. காப்பாற்றிக் கடத்தும் ஏற்பாடுதான் இல்லை. தம்பி சொன்ன 'இருநூறு வருசம்' என்பது பின்னால் வந்தவர்கள் தோண்டி எடுத்த இருநூறு வருசம். இப்போது நம் பக்கம் வருவோம்.

பட்லர் கந்தப்பன் கொடுத்த சுவடி

தமிழ் இலக்கிய வரிசையின் தலையில் இருப்பது திருக்குறள். மூலம் முதன்முதலாக அச்சேறியது 1812-ல். ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் அதற்கு உரையும் மொழிபெயர்ப்பும் செய்யத் தொடங்கினார். அந்த எல்லிஸ் துரையிடம் குறள் சுவடி எப்படி வந்தது?

தம் பாட்டனார் கந்தப்பன் கொடுத்தது என்று அயோத்திதாசப் பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக வேலை பார்த்தவர். அவர் வீட்டில் வழிவழியாக இருந்த குறள், நாலடி ஓலைச்சுவடிகளை ஆரிங்டன் மூலம் எல்லிஸுக்குக் கொடுத்தார் என்பது பண்டிதரின் குறிப்பு. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு சமையல்கட்டுப் பணியாளர் வீட்டில் குறள் சுவடி இருந்திருக்கிறது என்றால், 'இவர்களுக்கு எழுத்தறிவே இருந்ததில்லை' என்ற கதை என்னவாகிறது?

தமிழ்ப் பதிப்பு வரலாறு என்றதும் ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் என்று மூன்று பெயர்களை நாம் ஒப்பிக்கிறோம். அவர்கள் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. கந்தப்பன் பெயர் அந்த வரிசையில் ஏன் வருவதில்லை என்பதே என் கேள்வி.

அயோத்திதாசர் 1845-ல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவர், பன்மொழி அறிந்தவர். 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. ஓராண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. 1914 மே 5-ல் இறக்கும்வரை நடத்தினார்.

அந்த இதழில் அவர் செய்தது என்ன? அரசியல் எழுதினார், மருத்துவம் எழுதினார், மக்கள்தொகைக் கணக்கில் சாதியற்ற தமிழர் என்று பதியச் சொன்னார். அதோடு தமிழ் இலக்கிய வரிசையையே திருப்பி வாசித்தார். குறளை 'திரிக்குறள்' என்று அழைத்து, பௌத்தரின் திரிபிடகத்தோடு இணைத்துப் பொருள் சொன்னார். வள்ளுவருக்குப் பிராமணத் தந்தையைக் கற்பித்த பிறப்புக் கதையைக் கடுமையாக மறுத்தார். 'இந்திரர் தேச சரித்திரம்' என்ற பெயரில் இந்திய வரலாற்றைப் பௌத்தக் கண்ணோடு தொடராக எழுதினார்.

அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் இன்றைய மொழியியல் ஏற்காது. நாமும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் நம்மை விட்டுவிட்டு எழுதிய வரலாற்றை ஏற்காமல், அதே நூல்களை எடுத்து வைத்து எதிர் வாசிப்புச் செய்யும் துணிவு 1907-லேயே நம்மிடம் இருந்தது. டோனி மாரிசன் 1992-ல், வெள்ளை எழுத்தாளர்களின் நாவல்களுக்குள் கறுப்பர்கள் எப்படி மறைந்திருக்கிறார்கள் என்று திருப்பி வாசித்து ஒரு நூல் எழுதினார். அது விமர்சன உலகையே அசைத்தது என்கிறோம். ராயப்பேட்டையில் ஒரு பைசாவுக்கு விற்ற தாளில் அதைப் போன்ற வேலை அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

'தமிழன்' தனியாகவும் இல்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். வசைச்சொல்லாக வீசப்பட்டதை இதழின் தலைப்பாக வைத்த துணிச்சல் அது. தலித் இதழ்களை ஆராய்ந்த ஜெ. பாலசுப்பிரமணியம் 1869-ல் வந்த 'சூரியோதயம்' தொடங்கிப் பட்டியல் போடுகிறார். அவற்றில் பல இன்று வெறும் பெயர்களே. ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. நம்மிடம் இல்லாமல் போனது எழுத்தா, எழுதிய தாளா என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கவயல்

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன தமிழ் தலித் மக்கள். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். பண்ணையாரின் நிலத்தை விட்டு ஓட ஒரு வழி கிடைத்தது என்று போனவர்கள் அவர்கள். கிடைத்தது சுலபமான வாழ்க்கை இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சூட்டில் வேலை. பாறை வெடிப்பு. நுரையீரலில் சிலிக்கா தூசி. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளி தகரக் கொட்டகையில் இருந்தார். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே.

இந்த மக்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்சிலும் பௌத்த சங்கக் கிளைகள் வைத்திருந்தார்கள். 'தமிழன்' இதழுக்குச் சந்தா கட்டினார்கள், நன்கொடை அனுப்பினார்கள். கையில் காசு என்று வந்தது நம் மக்களில் பலருக்கு அதுவே முதல் தலைமுறை. அந்தக் காசில் ஒரு பங்கு பத்திரிகைக்குப் போனது.

பண்டிதர் இறந்தபின் அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பிறகு நின்றது. மறுபடி 'தமிழன்' உயிர்பெற்றது 1926-ல், தங்கவயலில், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. அங்கே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை, அயோத்திதாசரின் தொடர்களைச் சிறுசிறு நூல்களாக அச்சிட்டது. சென்னையின் அறிஞர் உலகம் மறந்துவிட்ட ஓர் எழுத்தாளரைச் சுரங்கத் தொழிலாளரின் ஊர் பதிப்பித்துக் காத்தது.

அதே 1926-ல் நியூயார்க்கில் நடந்ததையும் பாருங்கள். ஆர்துரோ ஷொம்பர்க் என்பவர் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பர். சிறுவயதில் ஓர் ஆசிரியை, கறுப்பர்களுக்கு வரலாறே இல்லை என்று சொன்னாராம். வங்கியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே அவர் வாழ்நாள் முழுக்கக் கறுப்பர்கள் எழுதிய நூல்களைச் சேர்த்தார். 1926-ல் அந்தத் தொகுப்பை 10,000 டாலருக்கு வாங்கி நியூயார்க் பொது நூலகத்தில் சேர்த்தார்கள். இன்றும் ஹார்லெமில் ஷொம்பர்க் மையமாக அது இயங்குகிறது. பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அந்த அலமாரிகளே ஆதாரம்.

நம் சித்தார்த்தா புத்தகசாலைக்கு அப்படி ஒரு நகர நூலகம் கிடைக்கவில்லை. நம் ஷொம்பர்க்குகளும் வீட்டிலேயே வைத்துக் காத்தார்கள். அவர்களில் ஒருவர் அன்பு பொன்னோவியம். இத்தகையோர் தேடிச் சேர்த்து வைத்திருந்த பழைய 'தமிழன்' தாள்களைக் கொண்டே ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுப்பைக் கொண்டுவந்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999-ல் முதல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. பண்டிதர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து.

இந்த 85 ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டில் எத்தனை பல்கலைக்கழகங்கள் வந்தன, எத்தனை தமிழ்த்துறைகள் வந்தன, எத்தனை இலக்கிய வரலாறுகள் எழுதப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். அந்த நூல்களில் பெரும்பாலானவற்றில் தேடினால் பண்டிதர் பெயர் கிடைக்காது. 'தலித் எழுத்து தொண்ணூறுகளில் தொடங்கியது' என்ற வாக்கியம் அந்த இருட்டிலிருந்து வந்தது. 1989-ல் சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1992-ல் பாமாவின் 'கருக்கு', 1994-ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது பேரலை எழுந்தது உண்மை. 1979-லேயே பூமணியின் 'பிறகு' வந்துவிட்டது. இலங்கையில் கே. டானியல் 1972-ல் 'பஞ்சமர்' எழுதிவிட்டார். தொண்ணூறுகளில் நடந்தது இரண்டாவது எழுச்சி. முதல் எழுச்சியைப் புதைத்துவிட்டதால் அது முதலாகத் தெரிந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், 1973

நாம் எல்லையில் இருப்பவர்கள். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு இலக்கியம். அங்கே நடந்ததும் நமக்குப் பாடம்.

1973 நவம்பரில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் பி. பசவலிங்கப்பா மைசூரில் ஒரு கூட்டத்தில் பேசினார். கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா' என்றார். மாட்டுத் தீவனம் போடும் வீடுகளில் அந்தச் சொல் தெரியும். உழைக்கும் மக்களின் வாழ்க்கை இல்லாத எழுத்து வெறும் தவிடு என்பது அவர் சொன்னதன் பொருள். மாநிலமே கொந்தளித்தது. விடுதிகளில் தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர் அமைச்சர் பதவியை இழந்தார்.

ஒரு இலக்கிய விமர்சனத்துக்காக மாணவர்களை அடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இலக்கிய வரிசை என்பது ரசனைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இனி யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். அந்தக் கலகத்தின் நெருப்பிலிருந்துதான் தலித் சங்கர்ஷ சமிதி உருவானது. 1975-ல் சித்தலிங்கையாவின் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. பிறகு தேவனூரு மகாதேவாவின் 'குசுமபாலெ' வந்து, 1990-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. திட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவற்றைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

பாடத்தில் வந்தது நிலைக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்தையும் மகாசுவேதா தேவியின் கதையையும் நீக்கியது. கல்விக்குழுவிலேயே 15 உறுப்பினர்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். நீக்கம் நின்றது. சுகிர்தராணியும் பாமாவும் தமிழில் வாசகர்களோடு இருந்ததால் அவர்கள் காணாமல் போகவில்லை. வாசகர் இல்லாத எழுத்தாக இருந்திருந்தால்?

பெயர்ப்பலகைச் சண்டை

தலித் எழுத்தாளர் என்று அழைக்காதீர்கள், எழுத்தாளர் என்று சொல்லுங்கள் என்று பூமணியும் இமையமும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நம் தோழர்கள் சிலருக்கு இதில் கோபம். எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

இதே சண்டை அங்கேயும் நடந்தது. அதுவும் 1926-ல்தான். லாங்ஸ்டன் ஹியூஸ் ஒரு கட்டுரையில், தன்னை நீக்ரோக் கவிஞர் என்று சொல்லாமல் கவிஞர் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று விரும்பிய ஓர் இளைஞரைக் குறிப்பிட்டு, அந்த விருப்பத்துக்குள் வெள்ளையாகும் ஆசை ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டார்.

ஹியூஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இமையம், பூமணி சொல்வதிலும் ஒரு வலி இருக்கிறது. 'தலித் இலக்கியம்' என்று தனி அலமாரி போட்டுவிட்டு, 'தமிழ் நாவல்' என்ற பெரிய அலமாரியில் இடம் தராமல் இருக்க அந்தப் பெயர் பயன்படுகிறது. ஊருக்கு வெளியே காலனி போடுகிற புத்தியே நூலகத்திலும் வேலை செய்கிறது. எழுதுகிறவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பது அவர் உரிமை. அலமாரி எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பது நம் போராட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நம் எழுத்தாளர்களோடு நாமே சண்டை போட வேண்டாம்.

நாம் யாரை விடுகிறோம்?

மற்றவர்களைக் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும். நான் மேலே சொன்ன முதல் எழுச்சியின் பெயர்களை எண்ணுங்கள். ஒரு பெண் பெயர்கூட இல்லை. தங்கவயலின் பௌத்தக் கூட்டங்களில் பெண்கள் இல்லாமலா இருந்தார்கள்? அவர்கள் பேசியது எங்கே?

இன்னொன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேசுவது தெலுங்கும் கன்னடமும். பாட்டிமார்களின் கதையும் ஒப்பாரியும் அந்த மொழிகளில். தமிழ் தலித் இலக்கியம் என்று நாம் வரிசை போடும்போது இவர்கள் எந்த வரிசையில் வருவார்கள்? அதேபோல் தங்கவயல் தமிழர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலுக்கு அவர்கள் கர்நாடகக்காரர்கள். கர்நாடகத்துக்கு அவர்கள் தமிழர்கள். இரண்டு வரிசையிலும் இடமில்லை. அயோத்திதாசரைக் காத்துக் கொடுத்த ஊருக்கே இந்த நிலை.

இப்போது செய்ய வேண்டியது

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயல் இளைஞர்கள் விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சிலர் நம் சிப்காட்டிலும் இருக்கிறார்கள். வீடுகள் காலியாகின்றன. தாத்தாவின் தகரப் பெட்டியில் இருக்கும் பழைய தாள்கள் எடைக்குப் போகின்றன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு சேர்ந்து பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. நம்மிடம் காகிதம் எவ்வளவு சுலபமாக அழியும் என்று நமக்குத் தெரியும்.

அதனால் வாசிப்பு வட்டத் தோழர்களுக்கு மூன்று வேலை. ஒன்று, உங்கள் வீட்டில், உறவில், தங்கவயலில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சந்தா ரசீது, துண்டறிக்கை, பழைய காலண்டர், சங்கக் கூட்ட நோட்டீஸ் எதுவானாலும் செல்போனில் தெளிவாகப் படம் எடுங்கள். வாங்கிக்கொண்டு வராதீர்கள், அது அவர்கள் சொத்து. யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இரண்டு, பாட்டிமார் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தெலுங்கானால் தெலுங்கில், கன்னடமானால் கன்னடத்தில். மூன்று, கல்லூரியில் தமிழ் படிப்பவர்கள் உங்கள் ஆய்வேட்டுக்கு இதிலிருந்து ஒரு தலைப்பை எடுங்கள்.

1988 ஜனவரியில் 48 கறுப்பின எழுத்தாளர்கள், டோனி மாரிசனுக்கு இன்னும் தேசியப் புத்தக விருதோ புலிட்சரோ தரப்படவில்லை என்று நியூயார்க் டைம்ஸில் கூட்டறிக்கை விட்டார்கள். சில மாதங்களில் புலிட்சர் வந்தது. 1993-ல் நோபல் வந்தது. விருது தானாக நடந்து வரவில்லை. அந்த 48 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு முன்னால் யாரோ தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில்: நமக்கும் நூறாண்டுக்கு மேல் அச்சில் எழுத்து இருக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஷிஃப்ட் இல்லையென்றால் சொல். தங்கவயலுக்குப் போய் வரலாம்.

ஜெய்பீம்.